எழுதும் முன்னே கேட்பவள்

என் மனைவி சட்டம் எழுதுகிறவள். கொச்சி மட்டாஞ்சேரியில் இதைச் சொன்னால் பாதிப் பேர் அவளை வக்கீல் என்று எடுத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் நான் விளையாடுகிறேன் என்று நினைப்பார்கள். "அதெல்லாம் எம்.எல்.ஏ.மாருல்லே எழுதறது?" என்று சாயாக்கடைச் சேட்டன் ஒருமுறை கேட்டார். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சட்டசபையில் கை தூக்குகிறவர்கள் வேறு, அவர்கள் முன்னால் வைக்கப்படும் தாளை வாக்கியம் வாக்கியமாக எழுதுகிறவர்கள் வேறு. திருவனந்தபுரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து அந்த வாக்கியங்களை எழுதுகிற சிலரில் அவளும் ஒருத்தி. திங்கட்கிழமை விடியலில் எர்ணாகுளத்தில் ரயிலேறுவாள், வார முடிவில் திரும்புவாள். எனக்கு இங்கே பஸாரில் சுக்கு, மிளகு வியாபாரம். ஒரே மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். ஆக, சனியும் ஞாயிறும்தான் எங்களுக்குக் குடும்பம்.

அந்த இரண்டு நாளிலும் தொழில் அவளை விடாது. நாங்கள் குடியிருக்கும் அடுக்குவீட்டில் மாடிப்படி விளக்கு பகலெல்லாம் எரிகிறது என்று ஒரு தடவை சங்கத்தில் சண்டை வந்தது. செயலாளர் அழகாக டைப் அடித்து, "கடைசியாக மேலே வருபவர் விளக்கை அணைக்க வேண்டும்" என்று ஒட்டினார். இவள் கையில் காய்கறிப் பையோடு நின்று அதைப் படித்துவிட்டு அவரிடம் கேட்டாள்: "மேல வர்றவருக்குத் தான்தான் கடைசின்னு எப்படித் தெரியும்?" அவர் யோசித்தார். நானும் யோசித்தேன். யாருக்கும் தெரிய வழியில்லை. வேறு மாதிரி எழுதித் தரச் சொன்னார். "எழுதவே வேணாம், சார். தானா அணையற சுவிட்ச் ஒண்ணு வாங்கி மாட்டுங்க. சட்டம் போட்டு எல்லாரையும் திட்டறதைவிட அது லாபம்" என்றாள். மாட்டினார்கள். தாள் கிழிக்கப்பட்டது. சட்டம் எழுதிப் பிழைக்கிறவள் ஒரு சட்டத்தை வேண்டாம் என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவளுக்கு வேலையில் ஒரே ஒரு மனக்குறை இருந்தது. ஏதாவது ஒரு துறைக்குச் சட்டம் வேண்டுமென்றால், அவர்களே பேசி, முடிவெடுத்து, மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கிவிட்டுத்தான் கோப்பை இவர்களிடம் அனுப்புவார்கள். "முகூர்த்தம் குறிச்சு, பந்தல் போட்டு, பிரியாணிக்குச் சொல்லிட்டு, பொண்ணுக்குச் சம்மதமான்னு எங்ககிட்ட கேக்கறாங்க. அப்ப நாங்க என்ன செய்ய? கமா போட்டுக் குடுக்கலாம்" என்பாள். பழைய சட்டங்களைச் செப்பனிடுவதற்கென்று ஒரு சின்னக் குழு அமைத்து அதில் அவளைப் போட்டபோது, முதல் கூட்டத்திலேயே இதைச் சொன்னாள். முடிவெடுக்கும் முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள், எழுத அல்ல, கேள்வி கேட்க. சொல்லிக்கொண்டே இருந்தாள். போன் பேசும்போது அவள் குரலை வைத்தே, அன்றைக்கும் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் வேறொரு ஊரில் பழைய கட்டடம் ஒன்று சரிந்தது. நல்லவேளை, உயிர் போகவில்லை. ஆனால் அபாயமான கட்டடம், இறங்குங்கள் என்று அதற்கு முன்பே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், குடியிருந்தவர்கள் இறங்கவில்லை. பத்திரிகைகள் எழுதின. ஒரு துறை உடனே, இறங்காதவர்களுக்குக் கடுமையான அபராதம் விதிக்கும் மசோதா வேண்டும் என்றது. அந்தத் துறைக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவர், இவள் சொல்லிச் சொல்லி அலுக்காத அந்த யோசனையைக் காதில் வாங்கியிருக்கிறார் போலும். கோப்பு முற்றுவதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஒரு மாசம் தர்றேன். என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றாராம்.

அந்தச் சனிக்கிழமை காலை, புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் முதல் கேள்வியை என்னிடம் கேட்டாள்.

"என்னங்க, நம்ம பஸார்ல இடியற நிலைமைல இருக்கற கட்டடத்துல ஆளுங்க ஏன் இன்னும் இருக்காங்க?"

"பிடிவாதம்தான். வேறென்ன?"

"தலைல சுவர் விழும்னு தெரிஞ்சுமா பிடிவாதம்?"

அவள் கை கழுவிவிட்டு வந்து, "உங்க சிநேகிதர் வீட்டுக்குப் போய் நாளாச்சு, போலாமா?" என்றாள்.

அந்தச் சிநேகிதன் என்னைப் போலவே பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேர்விட்ட ராவுத்தர் குடும்பத்துக்காரன். மிளகு மூட்டைக்கு எனக்குச் சாக்கு தருகிறவன். நீளமான ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் கீழே சாக்குக் கடை, மேலே வீடு, இரண்டும் வாடகை. தெருவில் இறங்கும் முன் அவள் ஒன்று சொன்னாள்: "மேலதிகாரிகிட்ட எழுதியே குடுத்துட்டேன். இது என் ஊரு, என் வீட்டுக்காரரோட ஆளுங்க இந்தச் சட்டத்துக்குள்ள வருவாங்கன்னு. அவங்களுக்காக நான் வளைஞ்சிட்டேன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது." நான் யோசித்தே பார்க்காத விஷயம் அது.

மேலே போனோம். சிநேகிதனின் மனைவி பாலில்லாத கட்டஞ்சாயாவும் நேந்திரம்பழத்தில் பொரித்த பழம்பொரியும் கொண்டுவந்தாள். கூடத்தில் கிழக்குச் சுவரில் மட்டும் வரிசையாகக் காலண்டர்கள் தொங்கின, போன வருஷத்தவையும் சேர்த்து. மூலையில் ஒரு இரும்பு பீரோ, கதவு திறக்க முடியாதபடி சுவரோடு சுவராகத் திரும்பி நின்றது. நான் அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒருநாளும் என் கண்ணில் படாதது. அவள் கண்ணில் பட்டது என்று அவள் சாயாவை வாயருகே பிடித்தபடி குடிக்காமல் இருந்ததில் தெரிந்தது. ஆனால் எதுவும் கேட்கவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

அங்கே நடந்த பேச்சைப் பிறகுதான் என்னிடம் சொன்னாள். சிநேகிதனின் மனைவியே தொடங்கியிருக்கிறாள். இவளை அவள் அக்கா முறையில் 'இத்தா' என்றுதான் கூப்பிடுவாள்.

"பார்த்துட்டீங்கல்லே இத்தா?"

"பார்த்தேன். விரிசல் எவ்வளவு பெரிசு?"

"கை போற அளவு. மழை முடிஞ்சதும் பட்டி மாவு பூசி அடைச்சு, வெள்ளை அடிச்சு மறைச்சிருவோம். இந்த வரிசைல எல்லா வீட்லயும் அதுதான்."

"மறைச்சா சுவர் நிக்குமா?"

"நிக்காது. ஆனா வெளிய தெரிஞ்சா இன்ஜினியர் வருவாங்க, நோட்டீஸ் ஒட்டுவாங்க. நோட்டீஸ் ஒட்டினா இறங்கணும். இறங்கினா பின்னே யார் ஏத்துவாங்க எங்களை? அந்தக் கோடி வீட்டுக்காரங்க ரிப்பேருக்குன்னு இறங்கினாங்க. அங்க இப்ப டூரிஸ்ட்காரங்க தங்கற ஹோம்ஸ்டே."

அவ்வளவுதான் விஷயம். எங்கள் வீட்டில் பிடிவாதம் என்று நான் பெயர் வைத்தது, அங்கே போனால் இப்படி இருந்தது. வெளியே தெருவுக்கு வந்ததும் அவள், "அபராதத்தை ரெண்டு மடங்காக்கினா என்னாகும் சொல்லுங்க. ரெண்டு மடங்கு பட்டி மாவு வாங்குவாங்க. விரிசலை மறைக்கத்தான் இந்தச் சட்டம் உதவும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்ட மாணவி மாதிரி இருந்தது அவள் முகம். அடுத்த நொடியே அது வாடியது. "அந்தச் சுவரோரம் அவங்க பிள்ளைங்க படுக்கறாங்க" என்றாள்.

மறுநாள் சிநேகிதன் என் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ உன் பெண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தது சாயா குடிக்கவா, வேவு பார்க்கவா? அவங்க கவர்மென்ட் ஆளு. என் வீட்டுக்காரி வெகுளி, எல்லாத்தையும் கொட்டிட்டா. நாளைக்கு நோட்டீஸ் வந்தா நான் எங்கடா போவேன்?"

அவள் என்ன செய்வாள் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நேராகச் சாக்குக் கடைக்குக் கிளம்பினாள். நான் பின்னால் ஓடினேன்.

"அண்ணே," என்றாள், கடை வாசலில் நின்றபடியே. "நான் சோதனை போட வரலை. எந்த வீடுன்னு எங்கயும் எழுத மாட்டேன். ஆனா பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்கவும் என்னால முடியாது. சென்ட்ரிங் வேலைக்கு முட்டுக் குடுப்பாங்களே, அந்த இரும்பு ஜாக்கி ரெண்டு வாடகைக்கு எடுத்து இன்னைக்கே அந்த உத்தரத்துக்குக் குடுங்க. பிள்ளைங்க படுக்கையை மேற்கால மாத்துங்க. இது கவர்மென்ட் ஆள் சொல்றதில்லை, உங்க தங்கச்சி சொல்றது."

அவன் சாக்குக் கட்டு ஒன்றை நகர்த்தி அவள் நிற்க இடம் செய்தான். "அப்ப ஜாக்கியை மறைக்கவும் ஒரு காலண்டர் வேணும்" என்றான் கடைசியில். அவள்தான் முதலில் சிரித்தாள். அன்று சாயங்காலம் முட்டுக் கொடுத்தார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

அடுத்த வாரம் அவள் கட்டடத்தின் உடைமையாளரைப் பார்க்கப் போனாள். பரம்பரையாக வியாபாரம் செய்கிறவர், வயதானவர். இவரைப் பற்றி பஸாரில் நல்ல பேச்சு கிடையாது. கட்டடம் தானாக விழட்டும், குடியிருப்பவர்கள் தானாகப் போகட்டும் என்று காத்திருக்கிறார் என்பார்கள். எனக்கு அவரைப் பார்க்கவே விருப்பமில்லை. அவளோ சிநேகிதன் வீட்டில் எப்படி உட்கார்ந்தாளோ அப்படியே அங்கும் உட்கார்ந்து கேட்டாள். அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: "நான் ரிப்பேர் பண்றேன்னு போனா, காலி பண்ண வைக்கத்தான் வர்றேன்னு நினைச்சுக் கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. திறந்தாத்தானே ஆசாரியைக் கூட்டிட்டுப் போக முடியும்? இடிஞ்சு விழுந்தா கேஸ் என் பேர்லதான். எனக்கும் பயம்தான் மோளே." திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "பாருங்க, ரெண்டு பேருக்கும் பயம். ரெண்டு பேரும் ஒரே விரிசலைத்தான் மறைக்கறாங்க." அவரைப் பற்றி நான் பல வருஷமாக வைத்திருந்த அபிப்பிராயத்தைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஊர்க் கூட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்றாள். வாக்கியம் ஒன்றுகூட எழுதாத நிலையில் மக்களிடம் போய்க் கேட்பதா என்று துறையில் சிலர் முகம் சுளித்தார்களாம். புதிய அதிகாரி சம்மதித்தார். எங்கள் பகுதிப் பள்ளிக்கூட ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. குடியிருப்பவர்கள் இடது பக்கம், உடைமையாளர்கள் வலது பக்கம் என்று யாரும் சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி அபராதத்தைப் பற்றிப் பேசினார். உயிரின் அருமையைப் பற்றிப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு பக்கத்துச் சங்கத் தலைவர்களும் நீளமாகப் பேசினார்கள். புழுக்கம் தாங்கவில்லை. என் மனைவி மேடையில் ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்காமல் இருந்தாள். இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிய கூட்டம் இப்படி ஒன்றுமில்லாமல் கலையப்போகிறதே என்று நினைத்தேன்.

முடியும் தறுவாயில் அவள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள், மலையாளத்தில். "இந்த அபராதச் சட்டம் இன்னைக்கு வந்துடுச்சுன்னு வச்சுக்குங்க. நாளைக்குக் காலைல எழுந்ததும் நீங்க செய்யற முதல் காரியம் என்ன?"

பின்னால் யாரோ செருமினார்கள். என் சிநேகிதன் குனிந்து தரையைப் பார்த்தான். அவன் பக்கத்திலிருந்து அவன் மனைவி எழுந்தாள். கணவன் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"நான் சுவரைப் பூசுவேன்" என்றாள்.

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. அவள் சிரிக்கவில்லை. "இப்ப வருஷத்துக்கு ஒரு தடவை பூசறேன். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை பூசுவேன்" என்றாள். சிரிப்பு நின்றது. இன்னொரு பெண் எழுந்து, "நானும்" என்றாள். வலது பக்கத்திலிருந்து அந்த வயதான உடைமையாளர் மெதுவாகக் கையைத் தூக்கி, "நான் வக்கீலைப் பார்ப்பேன். ரிப்பேரைப் பத்தி யோசிக்கவே மாட்டேன்" என்றார். அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். பிறகு மூடியைத் திறந்து, புதுத் தாள் எடுத்து எழுத ஆரம்பித்தார். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் யாரும் கலையவில்லை; சங்கத் தலைவர்களுக்குத்தான் பேச இடம் கிடைக்கவில்லை.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மேடையைவிட்டு இறங்கி, பேச வெட்கப்பட்டு நின்ற ஒரு வயதான அம்மாளின் அருகில் தரையில் குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை வேலை செய்யும் இடத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஊரில் பலரும் பேசத்தான் படிக்கிறார்கள். இவள் கேட்கப் படித்திருக்கிறாள் என்று தோன்றியது. பெருமை தாங்காமல் பக்கத்தில் இருந்தவரிடம், "அது என் வீட்டுக்காரி" என்று சொல்லிவிட்டேன். அவர், "தெரியும் இக்கா, நாலாவது தடவை சொல்றீங்க" என்றார்.

பிறகுதான் அவள் எழுதினாள். அபராதம் கடைசிக்குப் போனது. முதலில் வந்தது, விரிசலைத் தானாக முன்வந்து சொல்கிறவருக்கு அதனால் எந்த நஷ்டமும் வராது என்ற பிரிவு. அடுத்தது, ரிப்பேருக்காக இறங்குகிறவர் திரும்பி வரும் உரிமைக்கு, இறங்குவதற்கு முன்பே இரண்டு தரப்பும் பத்திரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது. வேலையை முடிக்க உடைமையாளருக்கு ஒரு கெடு. அதற்கு அரசின் கடனுதவி. வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டார்கள். சாயாக்கடையில் பையன்கள் மலையாளத்தில் படித்துச் சொல்ல, தமிழ் மட்டும் தெரிந்த சில பெரியவர்களுக்கு நான் தமிழில் விளக்கினேன். நான் விளக்க அதிகம் இருக்கவில்லை. கடினமான சொல்லென்று அதில் எதுவும் இல்லை.

மசோதா இன்னும் சட்டமாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டசபையின் ஆய்வுக் குழுவுக்குப் போனது. அந்தக் கெடுவை அங்கே எடுத்துவிட்டார்கள். அன்று போனில் அவள் குரல் தளர்ந்திருந்தது. நான் அவர்களைத் திட்டினேன். "இல்லைங்க, அவங்க சொன்னதுலயும் ஞாயம் இருக்கு. வாரிசுங்க பத்துப் பேர் துபாய்லயும் அமெரிக்காலயும் இருந்தா யாருக்குக் கெடு வைப்பேன்? அதை நான் கேக்காம விட்டுட்டேன். ஆலப்புழை பக்கம் அந்த மாதிரி கட்டடம் நிறைய இருக்காம், போய்ப் பார்க்கணும்" என்றாள். தோற்றுவிட்டோம் என்பதைவிட, ஒரு கேள்வியை விட்டுவிட்டோமே என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஆனால் எங்கள் பஸாரில் ஒரு காரியம் நடந்தது. சிநேகிதனும் அந்த உடைமையாளரும் சட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை. வெளியிட்ட வரைவில் இருந்த அந்தத் திரும்பி வரும் பிரிவை அப்படியே முத்திரைத்தாளில் எடுத்தெழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். குடும்பம் எதிரே வைப்பின் தீவில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனது. சிநேகிதன் தினம் ஃபெரிப் படகில் வந்து, எங்கள் கடையின் ஒரு ஓரத்தில் சாக்கு விற்றான். அங்கே ஓடெல்லாம் இறங்கி, புது உத்தரம் ஏறி, செம்பாறை வெட்டுக்கல்லில் சுவர் அடியிலிருந்து எழும்பியது. மழைக்கு முன் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நெய்ச்சோறும் கோழியும். எல்லோரும் என் மனைவியைப் புகழ்ந்தார்கள். அவள் சாப்பிட்டு முடித்ததும் சிநேகிதனின் மனைவியிடம் கேட்டாள்.

"அந்தப் பத்திரத்துல எந்த வார்த்தைக்குச் சண்டை வந்துச்சு?"

"அய்யோ, சண்டையெல்லாம் இல்லை இத்தா..."

"வந்திருக்கும். சொல்லுங்க."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "'அதே இடம்'னு இருந்துச்சு," என்றான் சிநேகிதன். "அதே கட்டடத்துல எங்கயாவதுன்னு அவர் சொன்னார், பின்பக்கத்துல தரேன்னார். அதே ரூமுன்னு நாங்க சொன்னோம். அப்புறம் அவரே விட்டுக்குடுத்துட்டார்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. யாரோ பரிசு கொடுத்த மாதிரி. "அவர் விட்டுக்குடுத்தார். எல்லாரும் விட்டுக்குடுப்பாங்களா?" என்று சொல்லிக்கொண்டே, கையில் நெய்வாசம் போகாமல், ஜன்னலோரம் போய்த் திருவனந்தபுரத்தில் தன்னோடு வேலை செய்கிறவளுக்குப் போன் போட்டாள். "ஞாயிற்றுக்கிழமை, தெரியும், மன்னிச்சுக்கோ. 'அதே இடம்' சரியில்லை. அளவும் தளமும் வாசலும் சொல்லணும்..." புதுச் சுவரில் சாய்ந்தபடி பேசிக்கொண்டே போனாள். சிநேகிதன் என் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தான்.